பனிக்கு இடம் பார்த்தவள்

அருப்புக்கோட்டையில் பனிச்சறுக்குக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் பக்கத்து விருதுநகர்க்காரனே சிரிப்பான். மாசி பிறக்கும் முன்னே தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிற சனத்துக்குப் பனி ஒரு கேடா என்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். பொன்னுச்சாமி அண்ணாச்சியின் டிராவல்ஸில் ஆறு வருஷமாக அந்த வேலை நடக்கிறது. பெயர்தான் அண்ணாச்சியின் டிராவல்ஸ், நடத்துகிறவள் நாகஜோதி.

வயது முப்பத்துநாலு. திருச்சுழி ரோட்டில் பஸ் நின்றால்தான் ஊர் என்று தெரிகிற ஒரு ஊர். அப்பா இருளாண்டி காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் பாடுபட்டு, இப்போது முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மா வெள்ளைத்தாய் நூறுநாள் வேலைக்குப் போகிறாள். தம்பி பாண்டிராஜ் பந்தல்குடியில் லாரி ஓட்டுகிறான். அந்த வீட்டில் பி.காம். முடித்தது அவள் ஒருத்தி. டிக்கெட் எழுத ஒரு புள்ளை வேணும் என்று அண்ணாச்சி சேர்த்துக்கொண்டார். சேர்ந்த இரண்டாம் வருஷமே ஹிந்தி பேசினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஹரித்துவார் பஸ் டிரைவர்களிடமும் லாட்ஜுக்காரர்களிடமும் போனில் சண்டை போட்டே கற்றுக்கொண்டாள். திட்டத் தெரிந்தால் பாஷை பாதி வந்த மாதிரிதானே.

முன்பெல்லாம் அண்ணாச்சிக்குக் காசி, ராமேஸ்வரம், அறுபடை வீடு, நவதிருப்பதி இவ்வளவுதான். அவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று, எங்கே போனாலும் சமையல் மாஸ்டர் உக்கிரபாண்டி கூடவே போவார். அரிசி, பருப்பு, புளி, வத்தல், அப்பளம், இரண்டு பெரிய குக்கர் எல்லாம் மூட்டையாகப் பின்னாலேயே போகும். காசியில் இறங்கி கங்கையில் முங்கிவிட்டு வந்தால் இலையில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு இருக்கும். கடை கண்ணி வைத்திருக்கிற குடும்பங்கள் அதற்காகவே அண்ணாச்சியைத் தேடி வருவார்கள். சாமி எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், சாப்பாடு நம்ம ஊர்ச் சாப்பாடாக இருக்க வேண்டும்.

அப்புறம் பிள்ளைகள் தலையெடுத்தார்கள். போனில் பனியைப் பார்த்தார்கள். "எப்பப் பாத்தாலும் கோயிலா, பனிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார்கள். அண்ணாச்சிக்குப் பனி என்றால் மார்கழியில் காதில் மப்ளர் கட்டுவது. விழி பிதுங்கிப் போய் நாகஜோதியைப் பார்த்தார். அவள் அன்றைக்குப் படிக்க ஆரம்பித்தவள்தான்.

எந்த மலையில் எந்த மாதம் எத்தனை அடி பனி விழும், எந்தச் சரிவு புதுசாகச் சறுக்குகிறவனுக்கு ஆகும், எது காலை ஒடிக்கும், இரண்டு கட்டையில் நின்று சறுக்குகிற ஸ்கீக்கு எந்த இடம், ஒரே பலகையில் பக்கவாட்டில் நின்று போகிற ஸ்நோபோர்டுக்கு எந்த இடம், எந்த வாத்தியார் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார், எவர் காசை வாங்கிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. ஆறு வருஷத்தில் இருநூறு பேரையாவது பனிக்கு அனுப்பியிருப்பாள். அவள் கண்ட அதிகபட்சக் குளிர், கொடைக்கானலில் ஒரு நாள் காலேஜ் டூர். அதுவும் சித்திரை மாதம்.

ஆசை இல்லாமலா இருக்கும்? இருந்தது. வெறும் ஆசையில்லை, கிறுக்கு. வீட்டு அடுப்படியில் சோறு கொதிக்கும்போது முழங்காலை மடக்கி, இரண்டு பெருவிரலையும் உள்பக்கமாகச் சேர்த்து வைத்து நிற்பாள். சறுக்கும்போது நிறுத்துவதற்கு அப்படித்தான் நிற்க வேண்டும், ஆயிரம் வீடியோவில் பார்த்திருக்கிறாள். "ஏ சோதி, காலு சுளுக்கிக்கிச்சா?" என்று வெள்ளைத்தாய் கேட்பாள். ஒரே ஒரு தரம், சின்னப் பிள்ளைகள் சறுக்குகிற மேடாக இருந்தாலும் சரி, மேலே இருந்து கீழே வரைக்கும் சறுக்கிவிட வேண்டும். அது போதும் அவளுக்கு. "அடுத்த ட்ரிப்புல நீயும் போம்மா" என்று அண்ணாச்சி வருஷா வருஷம் சொல்லுவார். சொல்லுவது அவருக்கு ஒரு செலவா.

இந்தத் தடவைதான் அது நிசமாக வந்தது. கார்த்திகையில் பத்துக் குடும்பம் சேர்ந்தது, எல்லாம் அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி கடைக்காரக் குடும்பங்கள். பொம்பளைகள் பாதிக்கு மேல். "எங்க கூட ஒரு பொம்பள ஆளை அனுப்புங்க, ஆம்பளக் கைடுகிட்ட எல்லாத்தையும் கேட்க முடியாது" என்று அவர்களே கேட்டார்கள். அண்ணாச்சி எல்லார் முன்னாலும் கையைக் காட்டினார். "நம்ம ஜோதி வரும். அதுக்குத் தெரியாத பனியா?" நாகஜோதிக்குக் காது அடைத்துப் போனது.

இடம் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் கூடினார்கள். அவள் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோலாங் என்றால் செலவு குறைவு, ஆனால் கூட்டம் நெரியும், பனியையும் நம்ப முடியாது. குல்மார்க் என்றால் பனிக்குக் குறைவே இல்லை, கேபிள் காரில் ஏறினால் மேகத்துக்கு மேலே போய்விடலாம், படிக்கிறவர்களுக்கு மெத்து மெத்தென்று சின்ன மேடு தனியாக இருக்கிறது, பெரிய ஹோட்டல், அறைக்குப் பஞ்சமில்லை. ஔலி என்றால் நீளமான ஒரே சரிவு, கூட்டம் குறைவு, கற்றுக்கொள்ள நல்லது, எதிரே நந்தாதேவி மலை.

அவள் மனசு குல்மார்க்கில் இருந்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அங்கே அந்த ஹோட்டலில் பத்து அறை எடுத்தால் கூட வருகிற கைடுக்கு ஒரு அறை சும்மா கொடுப்பார்கள்.

"குல்மார்க்ல நம்ம மாஸ்டருக்கு அடுப்படி குடுப்பாகளா?" என்று அண்ணாச்சி சம்சாரம் முத்துமாரியம்மாள் கேட்டாள்.

"குடுக்க மாட்டாங்க மதினி. அவுக சாப்பாடுதான். ரொட்டி, சோறு, பருப்பு எல்லாம் இருக்கும்."

"எத்தன நாளைக்கு ரொட்டியத் திங்கிறது? எங்க வீட்டுக்காரருக்கு ரசஞ்சோறு இல்லாட்டி வயிறு கேக்காது" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தர், "வாய் நெறையச் சாப்பிடாம பனியப் பாத்து என்ன பண்ண?" என்றார். சபை அத்தோடு ரசத்துக்குப் போய்விட்டது. சரிவின் நீளம், பனியின் ஆழம் எதையும் யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் நாகஜோதி தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். குல்மார்க்கிலும் ரசம் கிடைக்கும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேலையில் அவளுக்கு இருந்த சுத்தம் விடவில்லை. "ஔலியில ஒரு லாட்ஜ் இருக்கு. நேகின்னு ஒருத்தர். சொன்னா அடுப்படியவே நமக்கு விட்டுக் குடுத்துருவாரு. பதினோரு ரூம்தான், ஆனா சுத்தமா இருக்கும். கீழ ஜோஷிமட்டுல நரசிம்மர் கோயிலும் இருக்கு" என்றாள்.

கோயில் என்றதும் முடிந்தது. பனியும் பார்த்த மாதிரி ஆச்சு, பெருமாளைச் சேவித்த மாதிரியும் ஆச்சு, இலையில் ரசமும் ஆச்சு. பதினோரு அறை, அறைக்கு இரண்டு கட்டில். பயணிகள் இருபத்தொரு பேர். இருபது பேர் பத்து அறையில் சோடி சோடியாக. பதினோராவது அறையில் தனியாக வருகிற கோகிலாம்பாள் அம்மாள். அந்த அறையின் இரண்டாவது கட்டில் நாகஜோதிக்கு. மாஸ்டரும் அவருடைய ஆளும் அடுப்படிக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறையில் முடங்கிக்கொள்வார்கள். கணக்காக இருந்தது. ஒரு கட்டில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் பயணம். மதுரையில் ஏறி டெல்லியில் இறங்குகிற விமானத்தில் தன் பெயரையும் அவளே அடித்தாள். அடித்துவிட்டு அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நேகி போன் போட்டு, "தீதி, உங்க கால் அளவு சொல்லுங்க, சின்ன பூட்ஸ் ஒண்ணு எடுத்து வைக்கிறேன்" என்று ஹிந்தியில் கேட்டார், தீதி என்றால் அக்கா. ஸ்கேலை வைத்துத் தன் காலை அளந்து சொன்னாள். தம்பி பாண்டிராஜ் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனவன் பழைய ஜாக்கெட் ஒன்று வாங்கிவந்தான், கை கொஞ்சம் நீளம். வெள்ளைத்தாய் கண்மாய் வேலைக்கு வந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். "எம்மக பிளேன்ல போறா, ஐஸு மலைக்கு." வேண்டாம் என்றாலும் அவள் கேட்கவில்லை. சொல்லிக்கொள்ள அவளுக்கும்தான் வேறென்ன இருக்கிறது.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு கோகிலாம்பாள் அம்மாள் ஆதார் நகல் கொடுக்க ஆபீஸுக்கு வந்தாள். ஐம்பத்தெட்டு வயது, இரும்புக்கடை வைத்திருந்த வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம். தங்கமான மனுஷி என்று ஊரே சொல்லும். கையோடு ஒரு டப்பாவில் அதிரசம் கொண்டுவந்திருந்தாள். "நாம ரெண்டு பேரும் ஒரே ரூமாம்ல. நல்லதாப் போச்சு. நான் கொறட்ட விடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று சிரித்தாள். நாகஜோதியும் சிரித்தாள். டீ வாங்கி வரச் சொன்னாள்.

டீ வந்தது. பேச்சோடு பேச்சாக அந்தம்மாள் கேட்டாள். "உனக்கு எந்த ஊரும்மா?"

சொன்னாள்.

"அங்க எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவுக நெறைய இருந்தாக. ஊருக்குள்ளயா, காலனியா?"

இந்தக் கேள்வியை எங்கள் பக்கம் இப்படித்தான் கேட்பார்கள். கோபமாகக் கேட்க மாட்டார்கள். மூக்குத்தி எங்கே வாங்கினது என்று கேட்கிற மாதிரி கேட்பார்கள். கேட்கிற வாய்க்கு வலிக்காது. நாகஜோதிக்கு இது புதுசா? பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், காலேஜில் கேட்டார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். ஊருக்குள்ளதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள். அவளுக்கு அது வரவில்லை.

"காலனிதான்ம்மா."

"ஓ. நல்லது, நல்லது" என்றாள் கோகிலாம்பாள் அம்மாள். முகம் சுளிக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் இருந்து குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்றெல்லாம் கேட்டாள். போகும்போது, "நல்லாரும்மா" என்றும் சொன்னாள். அவளுக்கு வாங்கிய டீ அப்படியே இருந்தது.

பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜை மேலிருந்த காலண்டரைச் சரி பண்ணிக்கொண்டே பேசினார்.

"ஏம்மா ஜோதி, ஒரு சங்கடமாப் போச்சு. டெல்லியில எங்க சித்தி மக சுபத்ரா இருக்குல்ல, அதுவும் வாரேன்னுட்டுது. சொந்தம், வேண்டாம்னு சொல்ல முடியல. டெல்லியிலயே வந்து சேந்துக்கிடும். கட்டிலு இருபத்திரண்டுதான."

நாகஜோதி கேட்டாள். "வேற லாட்ஜுல ஒரு ரூம் பாக்கட்டுமா அண்ணாச்சி? பக்கத்துலயே இருக்கு."

"ஒத்தப் பொம்பளப் புள்ளய அந்தக் குளிருல தனி லாட்ஜுல எப்படி விட? நாளைக்கு ஒண்ணுன்னா நான்ல பதில் சொல்லணும்."

"அப்ப அடுப்படியில ஒரு ஓரமாப் படுத்துக்கிறேன் அண்ணாச்சி. மாஸ்டர் அண்ணனுக்கு ஒத்தாசையாவும் இருக்கும்."

அண்ணாச்சிக்குக் கண் ஒரு மாதிரி ஆனது என்றுதான் சொல்ல வேண்டும், அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனாலும் என்ன? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும். இந்த ஊரில் பூசாரிகள் வாயைத் திறப்பதே இல்லை, போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள்.

"இந்த வாட்டி மதன்குமார் போகட்டும். மாஸ்டர் கூடப் படுத்துக்கிடுவான். அடுத்த ட்ரிப்பு நீதான்" என்றார். மதன்குமார் அவருடைய அக்கா மகன். அவனுக்கு ஸ்கீ என்றால் ஒரு சோப்புப் பெயர் என்று நினைப்பு.

தன் டிக்கெட்டைத் தானே ரத்து செய்தாள். அதே இடத்தில் மதன்குமார் பெயரை அடித்தாள். சந்தேகம் வராமல் இல்லை. வந்த சந்தேகத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சுபத்ரா என்று ஒரு அம்மாள் இருக்கிறாள், டெல்லியில் இருக்கிறாள், அவளுக்கும் பனி பார்க்க ஆசை இருக்கிறது, சொந்தக்காரி. இதை நம்பினால்தான் மறுநாள் அதே நாற்காலியில் உட்கார முடியும். நம்பினாள்.

அம்மாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. வெள்ளைத்தாய் ஒன்றும் கேட்கவில்லை. காலம் முழுக்க இப்படிப்பட்ட சங்கதிகளைக் கேட்ட காது அது. "அந்த ஜாக்கெட்ட அப்பா போட்டுக்கிடட்டும், வெடியக்காலம் அவருக்கு இழுப்பு வருது" என்றாள். அவ்வளவுதான்.

வண்டி கிளம்பியது. நாகஜோதி இங்கே மேஜையில் உட்கார்ந்து அங்கே சறுக்கவைத்தாள். ஜோஷிமட்டில் ரோப் கார் நின்றுபோய் வருஷக்கணக்காயிற்று, ஜீப்புக்கு அவள்தான் ஆள் பேசினாள். "அக்கா, பனி கண்ணு கூசுது, ஒண்ணும் தெரியல, எந்தப் பக்கம் போகச் சொல்ல?" என்று மதன்குமார் மணிக்கொரு தரம் போன் போட்டான். "சேர் லிப்டுக்கு எடது பக்கம் கீழ ஒரு சின்ன மேடு இருக்கும் பாரு, புதுசா படிக்கிறவுகள அங்க நிக்க வை. மேல டவர் பக்கம் விடாத. வேகமாப் போனா பெருவெரல உள்பக்கமாச் சேக்கச் சொல்லு, தானா நிக்கும்." வெளியே ரோட்டில் தை மாசத்திலேயே சுள்ளென்று வெயில். அவள் சொன்னபடி நின்றார்கள், சறுக்கினார்கள், விழுந்தார்கள், சிரித்தார்கள். "தீதி, பூட்ஸை எடுத்து வச்சிருந்தேனே, நீங்க ஏன் வரலை?" என்று நேகி ஒரு தரம் கேட்டார். ஊரில் வேலை என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கோகிலாம்பாள் அம்மாள் வீடியோவில் கூப்பிட்டாள். நேற்றுப் பனியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாளாம், முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. எல்லாரும் சறுக்கப் போய்விட்டார்கள், அவள் மட்டும் அறையில்.

"என்னம்மா செய்ய? மதன்குமாரு போன எடுக்க மாட்டேங்கான். உனக்குத்தான் எல்லாம் தெரியும்னு உனக்குப் போட்டேன்."

"கால நீட்டி ரெண்டு தலகாணி மேல தூக்கி வைங்கம்மா. துணியில பனியச் சுத்தி வீக்கத்துல வைக்கணும், சன்னலுக்கு வெளியவே கெடக்கும்."

"சன்னலத் தொறந்தா உசிரே போயிரும் போல இருக்கு. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம ஃப்ரீசர்ல சொரண்டுனா வருமே, அதேதாம்மா. நீ ஒண்ணும் பெருசா நெனச்சு ஏங்காத."

நாகஜோதி அதையும் முழுங்கிக்கொண்டாள். "சுபத்ராம்மா பக்கத்துல இருக்காகளா? அவுககிட்ட போனக் குடுங்க, எப்படிக் கட்டணும்னு சொல்றேன்."

"எந்த சுபத்ரா?"

"உங்க ரூம்ல இருக்கவுக. அண்ணாச்சிக்குச் சொந்தம். டெல்லியில ஏறுனாகள்ல."

"டெல்லியில யாரும்மா ஏறுனா? அப்படி ஒருத்தரும் இல்லையே. நான் ஒத்தையிலதான் கெடக்கேன்." தைலத்தைத் தேடிக் கையை நீட்டியபோது போன் பக்கவாட்டில் திரும்பியது. அடுத்த கட்டில் தெரிந்தது. விரித்த விரிப்பு விரித்தபடி, மடித்த கம்பளி மடித்தபடி. அதன்மேல் முறுக்கு டின், மாத்திரைப் பை, கழற்றிப் போட்ட இரண்டு ஸ்வெட்டர்.

போன் மறுபடி அந்தம்மாள் முகத்துக்கு வந்தது. "ஒத்தாசைக்கு ஒரு ஆளு இருந்திருந்தா தேவல" என்று முனகினாள். "நீ வந்திருக்கலாம்மா."

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. வலியில் மனசாரச் சொன்னாள். தான் என்ன செய்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அதைத்தான் நாகஜோதியால் தாங்க முடியவில்லை.

"அடுப்படிக்குச் சொல்றேன்ம்மா. உக்கிரபாண்டி அண்ணன் மேல வருவாரு" என்று சொல்லிவிட்டு வைத்தாள். சொன்னபடி மாஸ்டருக்குப் போன் போட்டாள். நேகிக்குப் போட்டு டாக்டருக்கும் ஏற்பாடு பண்ணினாள். எல்லாம் முடிந்தபிறகு கை சும்மா இருந்தது.

எதிர் மேஜையில் இருந்து அண்ணாச்சி கேட்டார். "என்னவாம்?"

"கோகிலாம்பாள் அம்மாவுக்குக் காலு வீங்கிருச்சாம். ரூம்ல ஒத்தையில இருக்காகளாம்."

அவருக்குப் புரிந்தது. பேப்பரைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வருசம் குல்மார்க்கே போட்டுருவோம்மா. அங்க ரூமு நெறைய இருக்குன்னு சொன்னேல்ல" என்றார்.

"எத்தன ரூமு இருந்தாலும் ஒரு கட்டில் சும்மாதான் அண்ணாச்சி கெடக்கும்" என்றாள் நாகஜோதி.

சேர்ந்த நாளிலிருந்து அவரை எதிர்த்து அவள் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். பேசிவிட்டு அவளே பயந்தாள். வேலையை விட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போது நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் அப்பா அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

மறுநாளும் வேலைக்கு வந்தாள். பத்து மணி வாக்கில் ஒரு போன். பாலவனத்தத்தில் இருந்து புதுசாகக் கல்யாணமான பையன், பனி பார்க்கப் போகலாம் என்று இருக்கிறானாம், சறுக்கிப் பழக எந்த இடம் நல்லது என்று கேட்டான். அவள் ஒவ்வொரு இடமாக, பொறுமையாக, அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.